காத்திருக்கும் சாளரங்கள்

பிளஸ் 2 தேர்வு முடிவுகள் வெளிவந்த பின்னர், கடலூர் மஞ்சக்குப்பத்திலும் சிதம்பரம் தேரோடும் வீதிகளை ஒட்டியும் உள்ள இ-சேவை மையங்களிலும் இணைய மையங்களிலும் கூட்டம் பெருகிவிடும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பம், பொறியியல் கலந்தாய்வுப் பதிவு என எல்லாமே இன்று கணினித் திரையின் வழியாகத்தான் நடந்தாக வேண்டும். மையத்தில் இருப்பதோ பெரும்பாலும் ஒரு பணியாளர். அவர் முன்னே ஒரு கணினி. எதிரே பெற்றோரும் பிள்ளைகளுமாகப் பத்துப் பேர்.

முதலில் வந்தவரின் கைப்பேசிக்கு ஒருமுறைக் கடவுச்சொல் வர வேண்டும், வரவில்லை. இரண்டாமவர் குடும்ப அட்டையின் நகலை எடுத்துவர வெளியே போயிருக்கிறார். எனவே இருவரின் விண்ணப்பங்களையும் ‘மினிமைஸ்’ செய்து வைத்துவிட்டு, மூன்றாமவரின் பணியைத் தொடங்குகிறார் பணியாளர். கணினியில் நாள்தோறும் நாம் எண்ணிப் பார்க்காமல் செய்கிற செயல் இது. ஆனால், இந்தச் செயலைக் கையாளும் விதத்தில்தான் மேசைக்கணினி நாற்பது ஆண்டுகளாகத் தடுமாறிக்கொண்டிருக்கிறது.

தமிழ் இடைமுகங்களில் இந்தக் கட்டளை ‘சிறிதாக்கு’ என்று வழங்குகிறது. ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பொருள் அது, நிகழ்வதோ வேறு. சாளரம் சிறிதாவதில்லை, கண்ணிலிருந்து மறைகிறது. உள்ளே தட்டச்சு செய்த விவரங்கள் அப்படியே இருக்கின்றன, நிரல் இயங்கிக்கொண்டிருக்கிறது, பின்னர் எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்துடன் ஒரு பணி ஓரமாக வைக்கப்பட்டிருக்கிறது. ‘ஒதுக்கிவை’ என்று மொழிபெயர்த்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். ஒதுக்கிவைத்த பொருளுக்கு ஓர் இடம் வேண்டும், அது இன்னதென்று அறிய ஓர் அடையாளம் வேண்டும் என்பதை அந்தச் சொல்லே நினைவூட்டியிருக்கும்.

இடமும் அடையாளமும் இல்லாதபோது என்ன நேர்கிறது? மூன்று விண்ணப்பங்களும் ஒரே உலாவியில் திறந்திருப்பதால், திரையின் அடியில் உள்ள பணிப்பட்டையில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு சின்னம்தான் தெரிகிறது. அதன்மீது சுட்டியை வைத்தால் மூன்று சிறுபடங்கள் விரிகின்றன. மூன்றும் ஒரே படிவம், ஒரே நிறம், ஒரே தலைப்பு. அவசரத்தில் ஒன்றைத் திறந்து, ஒருவருடைய விண்ணப்பத்தில் மற்றொருவருடைய ஆவணத்தைப் பதிவேற்றிவிடுவது மிக எளிது.

அந்தப் பிழை அந்த இடத்திலேயே தெரிவதில்லை என்பதுதான் சிக்கல். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று பயணப்பட்டு, எங்கோ ஓரிடத்தில் ‘ஆவணம் பொருந்தவில்லை’ என்று திரும்புகிறது. அதற்குள் சில நாள்கள் கழிந்துவிடும். சான்றிதழைப் பதிவேற்றக் கலந்தாய்வுக்கான கடைசி நாள் நெருங்கியிருக்கும். புவனகிரிப் பக்கத்து மாணவி ஒருவருக்கு இடஒதுக்கீட்டின்படி கிடைக்க வேண்டிய இடம், ஒரே மாதிரி தெரிந்த இரண்டு சிறுபடங்களால் கேள்விக்குறியாகிறது. பணியாளரின் கவனக்குறைவு என்று இதைச் சொல்லிவிடலாம். ஒரே நிறத்தில் பத்து உறைகளைக் கொடுத்து, எதன்மீதும் பெயர் எழுதாமல் வைத்துவிட்டு, மாறிப்போனால் அஞ்சல்காரரைக் குறை சொல்வது போன்றதே அது.

இந்தச் சிக்கல் புதியதல்ல. 1985 நவம்பரில் வெளிவந்த விண்டோஸின் முதல் பதிப்பில், ஒதுக்கிவைத்த நிரல்கள் சின்னங்களாகத் திரையின் அடிப்பகுதியில் போய் அமர்ந்தன. அந்தப் பதிப்பில் சாளரங்கள் ஓடு வேய்ந்தாற்போல் அருகருகே நின்றனவே தவிர, ஒன்றின்மீது ஒன்று படியவில்லை. ஆகவே அடியில் இருந்த சின்னங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. பின்னர் வந்த பதிப்புகளில் சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியத் தொடங்கின. சின்னங்களும் அவற்றின் அடியில் புதைந்தன. ஒதுக்கிவைத்ததை எடுக்க, மேலே இருப்பவற்றையெல்லாம் முதலில் ஒதுக்க வேண்டியதாயிற்று.

விண்டோஸ் 95-ஐ உருவாக்கிய குழுவினர், புதிதாகக் கணினி பழகுபவர்களை உட்கார வைத்து, அவர்கள் எங்கெங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்தனர். அந்தக் குழுவைச் சேர்ந்த கென்ட் சல்லிவன் 1996-இல் எழுதிய கட்டுரை அந்தப் பணியை விவரிக்கிறது. சாளரங்களைக் கையாளுவதே புதியவர்களை மிகவும் குழப்பியவற்றுள் ஒன்று. கண்ணில் படாத சாளரம் அவர்களைப் பொறுத்தவரை இல்லாத சாளரம். 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளிவந்த விண்டோஸ் 95-இல் பணிப்பட்டை இடம்பெற்றதற்கு இந்தக் கவனிப்பு முக்கியக் காரணம். ஒவ்வொரு சாளரத்துக்கும் ஒரு பொத்தான், பொத்தானில் அதன் பெயர், எப்போதும் மறையாத ஒரே இடம். எளிய ஏற்பாடுதான், ஆனால் கணினி வடிவமைப்பின் வரலாற்றில் இவ்வளவு பேருக்குப் பயன்பட்ட ஏற்பாடுகள் அதிகமில்லை.

அதன் பிறகு நடந்ததை வளர்ச்சி என்பதா, பின்னடைவு என்பதா என்று தெரியவில்லை. சாளரங்களின் எண்ணிக்கை கூடியதும் பணிப்பட்டையில் இடம் போதவில்லை. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, இடம் நெருக்கடியானால் ஒரே நிரலின் பொத்தான்களை ஒன்றாகத் தொகுத்தது. 2009-இன் விண்டோஸ் 7, இடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவற்றைத் தொகுத்துப் பெயரையும் நீக்கிவிட்டு, சின்னத்தை மட்டும் வைத்தது. ஈடாகச் சிறுபட முன்னோட்டத்தைத் தந்தது; வேண்டுவோர் பழைய முறைக்குத் திரும்பவும் வழி விட்டிருந்தது. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11 அந்த வழியையும் அடைத்தது. பயனர்களின் முறையீடுகளுக்குப் பின்னர், 2023-இல்தான் பெயருடன் தனித்தனிப் பொத்தான்கள் என்ற பழைய வசதி திரும்பக் கிடைத்தது. 1995-இல் இருந்த ஒன்றைப் பெற இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது என்பது வேடிக்கைதான்.

ஆப்பிள் கணினிகளின் வழி வேறு. 2001-இல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸில், ஒதுக்கிவைக்கும் சாளரம் அலாவுதீனின் பூதம் விளக்குக்குள் நுழைவதுபோல வளைந்து நெளிந்து அடியில் உள்ள பட்டைக்குள் செல்லும். அழகான காட்சி, சாளரம் எங்கே போகிறது என்பதைக் கண்ணுக்குக் காட்டும் நல்ல உத்தியும்கூட. ஆனால், கமாண்ட், டேப் விசைகளை அழுத்தி அந்த நிரலுக்குத் திரும்பினால் ஒதுக்கிவைத்த சாளரம் எழுந்து வராது. நிரலின் பெயர் மேலே தோன்றும். சாளரம் மட்டும் பட்டையிலேயே இருக்கும். ஆப்ஷன் விசையையும் சேர்த்து அழுத்தத் தெரிந்தவர்களுக்கே அது திறக்கும். சிதம்பரத்துக்காரர்களுக்கு ரகசியம் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. என்றாலும் ஒரு கடிதத்தைத் திறக்க ரகசியம் தேவைப்படக் கூடாது.

கட்டற்ற மென்பொருள் உலகில் இன்னும் துணிச்சலான முடிவு எடுக்கப்பட்டது. 2011 ஏப்ரலில் வெளிவந்த க்னோம் 3 மேசைத்தளம், ஒதுக்கிவைக்கும் பொத்தானையே நீக்கிவிட்டது. பணிப்பட்டையே இல்லாத புதிய வடிவமைப்பில் சாளரம் எங்கே போய் ஒதுங்கும் என்ற கேள்விக்கு விடையில்லை. எனவே பொத்தானும் வேண்டாம், வெவ்வேறு பணிகளை வெவ்வேறு பணியிடங்களில் வைத்துக்கொள்ளுங்கள் என்பது அவர்களின் வாதம். தர்க்கத்தில் பிழை காண்பது கடினம். ஆனால், பழக்கம் தர்க்கத்துக்குக் கட்டுப்படுவதில்லை. பழைய க்னோமைத் தொடரும் மேட், பணிப்பட்டையுடன் கூடிய சின்னமன் போன்ற மேசைத்தளங்கள் அதே 2011-இலேயே முளைத்தன.

அந்த ஆண்டு தமிழ்நாட்டுக்கும் முக்கியமானது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. கடலூர் மாவட்டத்துக் கிராமங்களிலும், வீட்டில் அதுவரை கணினியே கண்டிராத பிள்ளைகளின் கைகளுக்கு மடிக்கணினி வந்துசேர்ந்தது. தொடக்கத்தில் அளிக்கப்பட்ட கணினிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பும், சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்சும் இணைந்திருந்தன. ஸ்டார்ட்டர் பதிப்பு என்பது விண்டோஸ் 7-இன் மிகக் குறைந்த வடிவம். சிறுபட முன்னோட்ட வசதி அதில் கிடையாது. அதாவது, பெயரை நீக்கியதற்கு ஈடாக மற்றவர்களுக்குத் தரப்பட்டது இந்தப் பிள்ளைகளுக்குத் தரப்படவில்லை. கணினியை முதன்முதலாகத் தொடுகிறவருக்கே வழிகாட்டும் அடையாளங்கள் மிகுதியாகத் தேவை. அவருக்குத்தான் அவை மிகக் குறைவாகக் கிடைத்தன.

இனி, திரைக்குப் பின்னால் நடப்பதைச் சற்றுப் பார்ப்போம். ஒதுக்கிவைக்கப்பட்ட சாளரத்தை முக்கியமற்றது என்று கணினி கருதுகிறது. மின்கலமும் நினைவகமும் மிச்சமாக வேண்டும் என்பதால் இந்தக் கருத்தில் நியாயம் உண்டு. 2021 ஜனவரியில் வந்த குரோம் உலாவியின் 88-ஆம் பதிப்பு முதல், ஐந்து நிமிடங்களுக்கு மேல் மறைந்திருக்கும் பக்கத்தில் உள்ள கடிகார நிரல்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு ஒருமுறைதான் விழிக்க அனுமதிக்கப்படுகின்றன. ஆனால், மறுமுனையில் உள்ள அரசு வழங்கிக்கணினி உறங்குவதில்லை. குறித்த நேரம் வரை அசைவு இல்லையென்றால், பாதுகாப்புக் கருதி அது தொடர்பைத் துண்டித்துவிடும். ஆக, நகல் எடுக்கப் போனவர் திரும்பி வந்ததும் சாளரத்தைத் திறந்தால், நிரப்பிய படிவம் அப்படியே இருப்பதுபோல் தெரிகிறது. ‘சமர்ப்பி’ என்று அழுத்தியதும் ‘உங்கள் அமர்வு முடிந்துவிட்டது’ என்ற செய்தி வருகிறது. மீண்டும் முதலிலிருந்து. மீண்டும் ஒருமுறைக் கடவுச்சொல்.

நேரம் முடியப்போகிறது என்று மறைந்திருக்கும் சாளரம் கூவி அழைத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். விண்டோஸில் ஒரு நிரல் தன் பொத்தானை மின்னச் செய்து கவனத்தை ஈர்க்க முடியும். உலாவிக்குள் இருக்கும் பக்கத்துக்கு அந்த உரிமை எளிதில் கிடைப்பதில்லை. விளம்பரங்கள் அதைக் கையில் எடுத்துக்கொள்ளும் என்ற அச்சம் நியாயமானதே. லினக்ஸ் கணினிகளில் இப்போது பரவிவரும் வேலண்ட் என்னும் காட்சி நெறிமுறையில் இன்னொரு விந்தை உண்டு. தன்னை ஒதுக்கிவைக்குமாறு ஒரு நிரல் கேட்கலாம். ஆனால், தான் ஒதுக்கிவைக்கப்பட்டிருக்கிறோமா என்பதை அறிந்துகொள்ள அந்த நெறிமுறையின் அடிப்படைப் பகுதியில் வழியில்லை. தன்னைத் திரும்ப எழுப்புமாறு கேட்கவும் வழியில்லை. சாளரங்களின்மீது முழு அதிகாரமும் மேசைத்தளத்துக்கே என்பது அதன் கொள்கை. அப்படியானால், ஒதுக்கிவைத்தவற்றை நினைவூட்டும் பொறுப்பும் முழுமையாக மேசைத்தளத்தையே சாரும்.

தமிழர்களுக்கென்று தனியே ஒரு தொல்லையும் இருக்கிறது. பணிப்பட்டையின் பொத்தானில் சுமார் இருபது எழுத்துகளுக்கே இடம் உண்டு. எஞ்சியவை வெட்டப்பட்டு மூன்று புள்ளிகள் இடப்படும். ஆங்கிலத்தில் இருபது எழுத்துகளுக்குள் மூன்று சொற்கள் அடங்கிவிடும். தமிழிலோ சொற்கள் நீண்டவை, எழுத்துகளும் அகலமானவை. ‘பிற்படுத்தப்பட்டோர்’, ‘மிகப் பிற்படுத்தப்பட்டோர்’, ‘விண்ணப்பதாரர்’ போன்ற சொற்களில் ஒன்று நுழைந்தாலே இடம் தீர்ந்துவிடும். வேறுபடுத்திக் காட்ட வேண்டிய பகுதி பெரும்பாலும் தலைப்பின் இறுதியில் இருக்கிறது, வெட்டுப்படுவதும் அதுவே. விளைவு: ‘சான்றிதழ் விண்ணப்…’, ‘சான்றிதழ் விண்ணப்…’, ‘சான்றிதழ் விண்ணப்…’.

வெட்டுகிற இடமும் முக்கியம். ‘கொ’ என்பது நமக்கு ஓர் எழுத்து; கணினியின் ஒருங்குறியில் அது ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். ‘கு’வும் அப்படியே. எழுத்தைப் பார்த்து வெட்டாமல் குறியீட்டை எண்ணி வெட்டும் நிரலில், ‘கூட்டுறவு’ என்பதன் முதலெழுத்து ‘க’ என்று நின்றுவிடக்கூடும். புள்ளியை இழந்த மெய் உயிர்மெய்யாகிவிடும். பயனர் காணும் எழுத்தை அலகாகக் கொண்டே வெட்ட வேண்டும் என்பதற்கு ஒருங்குறித் தரத்திலேயே விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பின்பற்றாத நிரல்கள் இன்னும் இருக்கின்றன. ஆங்கிலத்தை மட்டுமே வைத்துச் சோதிப்பவரின் கண்ணில் இந்தப் பிழை ஒருபோதும் படாது.

செய்யக்கூடியது என்ன? இன்றே, செலவின்றிச் செய்யக்கூடியவை சில உண்டு. விண்டோஸ் 11-இன் அமைப்புகளில் பணிப்பட்டைப் பகுதிக்குச் சென்று, பொத்தான்களைத் தொகுப்பதை ‘ஒருபோதும் வேண்டாம்’ என்று மாற்றிக்கொள்ளலாம். குரோம் உலாவியின் கூடுதல் கருவிகள் பட்டியலில், சாளரத்துக்கு நாமே பெயர் சூட்டும் வசதி இருக்கிறது. பலருக்கும் தெரியாத வசதி இது. ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் ஒரு தனிச் சாளரம் திறந்து, அவருடைய டோக்கன் எண்ணை அதற்குப் பெயராக இட்டுவிட்டால், பணிப்பட்டையில் ‘7’, ‘8’, ‘9’ என்று தெளிவாக நிற்கும். வெட்டுப்படவும் இடமில்லை. ஆளின் பெயரை இடுவதைவிட எண்ணை இடுவது நல்லது. திரையை எதிரில் இருப்பவர்களும் பார்க்கிறார்கள்.

அரசு செய்யக்கூடியதும் பெரிதல்ல. இணையப் பக்கத்தின் தலைப்பு என்பது நிரலில் ஒரே ஒரு வரி. பல இணையதளங்களில் எந்தப் பக்கத்துக்குப் போனாலும் தளத்தின் பெயரே தலைப்பாக நிற்கிறது. அதை மாற்றி, விண்ணப்பதாரருக்கு வழங்கப்படும் கேன் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை முதலிலும், சான்றிதழின் வகையை அடுத்தும், தளத்தின் பெயரை இறுதியிலும் வைத்தால் போதும். அமர்வு முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது தலைப்பின் தொடக்கத்தில் ஓர் எச்சரிக்கைக் குறி தோன்றச் செய்யலாம். நிமிடத்துக்கு ஒருமுறை விழிக்கும் பக்கத்துக்குக்கூட அது இயலும். பாதி நிரப்பிய படிவத்தை வழங்கிக்கணினியிலேயே வரைவாகச் சேமித்து வைப்பது அதனினும் சிறந்தது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூரைத் தாக்கிய தானே புயலுக்குப் பின் மின்சாரம் இல்லாமல் கழிந்த நாள்களை இந்த மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். புயலே வேண்டாம், ஐந்து நிமிட மின்தடை போதும். ஒதுக்கிவைத்த சாளரங்கள் அனைத்தும் ஒருசேர மறைந்துபோகும்.

மேசைத்தளங்களை உருவாக்குவோரிடம் கேட்க வேண்டியவை வேறு. ஒதுக்கிவைத்த சாளரமும் திறந்திருக்கும் சாளரமும் பணிப்பட்டையில் ஏறத்தாழ ஒரே தோற்றத்தில் இருப்பது ஏன்? எது எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறது என்பதை நிறத்தாலோ வரிசையாலோ காட்டக் கூடாதா? ஒரே மாதிரித் தலைப்புகள் மூன்று இருந்தால், பொதுவான முன்பகுதியை விட்டுவிட்டு வேறுபடும் பகுதியை மட்டும் காட்டக் கூடாதா? கோப்பு மேலாண்மை நிரல்கள் சிலவற்றில் நீண்ட பெயரின் நடுவை வெட்டி இறுதியைக் காட்டும் முறை ஏற்கெனவே இருக்கிறது. பணிப்பட்டைக்கு மட்டும் அது எட்டாக்கனி அல்ல.

பெரிய நிறுவனங்கள் நம் மாவட்டத்து மையங்களின் குரலைக் கேட்குமா என்பது ஐயமே. ஆனால், பாஸ் லினக்சும் க்னோமும் கேடிஇயும் மூலநிரல் திறந்தவை. பிழையைப் பதிவு செய்யவும் திருத்தத்தை அனுப்பவும் எவருக்கும் உரிமை உண்டு. 1993 வரை கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்தின் பகுதியாக இருந்த விழுப்புரத்தில், க்னு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்பித்துவருகிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் மாணவர்களும் தங்கள் இறுதியாண்டுப் பணித்திட்டத்துக்கு எங்கிருந்தோ ஒரு தலைப்பைத் தேட வேண்டியதில்லை. தமிழ்த் தலைப்புகளைச் சரியான எழுத்தில் வெட்டும் பணிப்பட்டை என்பது ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய பணி. 2025-26 நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. அத்தகைய கணினிகளுக்கான கொள்முதல் நிபந்தனைகளில் செயலியின் வேகமும் நினைவகத்தின் அளவும் குறிப்பிடப்படுவது வழக்கம். பணிப்பட்டையில் பெயர் தெரியும்படி முன்கூட்டியே அமைத்துத் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பதால் விலை ஒரு ரூபாயும் கூடாது.

கடைசியாக, மையத்துக்குச் செல்வோர் கவனிக்க வேண்டிய ஒன்று. வேலை முடிந்ததும் பணியாளர் உங்கள் சாளரத்தை மறைத்துவிட்டு அடுத்தவரை அழைத்தால், அது மூடப்பட்டதாகப் பொருளில்லை. உங்கள் ஆதார் நகலும், சான்றிதழும், சில வேளைகளில் வங்கிக் கணக்கும் அந்தப் பணிப்பட்டையில் திறந்தபடியே இருக்கும்; அடுத்து அமர்பவர் ஒரு சொடுக்கில் அவற்றைக் காணலாம். எழுவதற்கு முன் கணக்கிலிருந்து வெளியேறச் சொல்லுங்கள். சாளரத்தின் மேல்மூலையில் உள்ள கோட்டுக்குறியை அல்ல, பெருக்கல் குறியை அழுத்தச் சொல்லுங்கள்.